கல்வாழைத் தொட்டி

கொல்லைப்புறத்தில் மண்வெட்டி விழும் ஓசை கேட்டது. வெயில் ஏறுவதற்குள் அகிலாண்டம் வாழையடியைக் கொத்திவிடுகிறாள் என்று துரைக்கண்ணு எண்ணினார். எண்ணிய மறுகணமே, தம் கை ஊன்றியிருந்த குளிர்பெட்டியின் கண்ணாடிக்குக் கீழே அவள் கண்மூடிக் கிடப்பதைப் பார்த்தார்.

மண்வெட்டி மறுபடியும் விழுந்தது.

கூடத்தில் ஒப்பாரி ஓய்ந்திருந்த வேளை. விடியற்காலையில் மகன் மதிவாணன் சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கியபோது எழுந்த அழுகை, அவன் தாயின் காலடியில் அமர்ந்ததும் மெல்லத் தணிந்து, இப்போது காப்பித் தம்ளர்கள் கைமாறும் ஓசையாகக் குறைந்திருந்தது. “மஞ்சக் குங்குமத்தோட போறா. குடுத்து வச்சவ” என்று யாரோ ஒருத்தி பெருமூச்சு விட்டாள். துரைக்கண்ணு பெட்டியின் விளிம்பைப் பிடித்து எழுந்தார். யாரும் தடுக்கவில்லை. மனைவியை இழந்தவர் எங்கே எழுந்து போனாலும் எதற்கென்று கேட்கக்கூடாது என்பதை அந்தக் கூட்டம் அறிந்திருந்தது.

அடுப்பு மூட்டாத சமையற்கட்டைக் கடந்து கொல்லைக்கு வந்தார். எதிர்வீட்டுப் பக்கிரி, லுங்கியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, குளிக்கும் கல்லின் ஓரத்திலிருந்து தெருச் சாக்கடையை நோக்கிச் சிறு வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தான். சித்திரை வெயிலில் பாளம்பாளமாக வெடித்திருந்த களிமண், ஒவ்வொரு வெட்டுக்கும் ஓடு உடைவதுபோல் உடைந்தது.

“என்னடா பண்றே?”

“அக்காதான் வெட்டச் சொன்னாங்கண்ணே. குளிப்பாட்டுற தண்ணி சாக்கடைக்குப் போயிடணுமாம். அண்ணியோட தொட்டியில ஒரு சொட்டு எறங்கக் கூடாதாம்.” பக்கிரி முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான். “நான் என்னத்தக் கண்டேன்? வெட்டுன்னாங்க, வெட்டுறேன்.”

அந்தக் கல்லில் விழும் நீர், மூலையிலிருந்த ஒரு துவாரத்தின் வழியே உள்ளே இறங்கும். துவாரத்தின் வாயில் கம்பி வலை. வலையின்மேல் தேங்காய் நார். அங்கிருந்து முதல் சிமெண்டு உறைக்குள் சரளைக் கல்லும், இரண்டாம் உறைக்குள் செங்கல் சில்லும் அடுப்புக்கரியும் ஆற்று மணலும் நிரம்பியிருந்தன. அவற்றைக் கடந்த நீர், சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து நிற்கும் கல்வாழைப் பாத்தியின் வேர்களுக்கிடையே ஊர்ந்து, துளையிட்ட குழாய் ஒன்றின் வழியே சருகு மூடாக்குக்கு அடியில் வாழைக்கும் தென்னங்கன்றுகளுக்கும் நந்தியாவட்டைக்கும் போய்ச் சேரும். வீட்டில் எல்லோரும் அதைத் தொட்டி என்றார்கள். துரைக்கண்ணு மட்டும் எந்தப் பெயராலும் அதைக் குறிப்பிட்டதில்லை.

“ஏன்டா, தொரை, நீ எதுக்கு எழுந்திரிச்சு வந்தே?” காளியம்மாள் பின்னாலேயே வந்துவிட்டாள். துரைக்கண்ணுவின் தமக்கை, எழுபத்து நான்கு வயதிலும் ஊரில் எந்தச் சாவு வீட்டிலும் முறை சொல்வது அவள்தான். “போய் உக்காரு. இங்க நான் பாத்துக்குறேன்.”

“இது எதுக்குக்கா?”

“எதுக்கா? பொணங் குளிச்ச தண்ணி வேர்ல எறங்குனா அப்புறம் இந்தக் கொல்லையில ஒரு எலை பறிச்சு எவன் சோறு திம்பான்? அவ இருந்தவரைக்கும் உன் பேச்சக் கேக்கல. போற அன்னிக்காவது முறையா நடக்கட்டும்.” அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “நீதானேடா சொல்லுவே, அழுக்குத் தண்ணியில மொளைச்ச பூ அம்பாளுக்கு ஆகாதுன்னு?”

அவர்தாம் சொன்னார். சொன்ன இடமும் நாளும்கூட அவருக்கு நினைவிருந்தன.

அந்த ஊர், மருதம் முடிந்து நெய்தல் தொடங்குகிற விளிம்பில் இருக்கிறது. மேட்டூரில் திறந்துவிட்ட பொன்னி, எத்தனையோ ஊர் வயல்களை நிறைத்து, எத்தனையோ படித்துறைகளில் மனிதரையும் மாட்டையும் குளிப்பாட்டி, கடைசியாக மெலிந்து வந்து சேரும் கடைமடை. அதற்கப்பால் உப்பளங்களும் வேதாரண்யக் கடலும்தான். புயல் அடித்த ஆண்டில் கொல்லையிலிருந்த பதினோரு தென்னைகளும் ஒரே இரவில் சாய்ந்தன. அதற்குப் பிறகு ஆழ்குழாயில் வந்த நீர் வாயில் வைக்க முடியாத உவர்ப்பு. நட்ட கன்றெல்லாம் நுனி கருகிப் போனது. நல்ல தண்ணீர் என்பது, ஒருநாள் விட்டு ஒருநாள் தெருக்குழாயில் வருவது மட்டும்தான். குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாம் அதுதான். ஒருமுறை உடம்பைத் தொட்டுவிட்ட நீர், அதோடு முடிந்துபோகக் கூடாது என்று அகிலாண்டம் எண்ணத் தொடங்கியது அப்போதுதான்.

திருவாரூரில் பெண்கள் குழுவினருக்கு நடந்த ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு, நோட்டுத்தாள் ஒன்றில் வரைந்த படத்தோடு அவள் திரும்பி வந்தாள். உறைகளை இறக்கியது பக்கிரி, மற்றதெல்லாம் அவளே. மணலைச் சலித்தாள், கரியைக் கழுவினாள், பாத்திரம் தேய்க்கும் நீரில் எண்ணெய் தனியே மிதந்து தங்க ஒரு சிறு பள்ளம் கட்டினாள். அந்த நீரில் கீரை போடக்கூடாது, இலைமேல் தெளிக்கக்கூடாது, வேருக்கு மட்டும்தான், ஒருநாளுக்குமேல் தேங்கவிடக்கூடாது, பிளீச்சிங் பவுடர் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. ஆகமம்போல் அவளிடம் அத்தனை விதிகள். இரண்டு மாத வேலை அது. துரைக்கண்ணு ஒரு கூடை மணல்கூடத் தூக்கவில்லை.

அவருக்கு வேறு விதிகள் இருந்தன. முப்பது ஆண்டுகளாக அந்திதோறும் ஊர்ச் சிவன் கோயிலில் பதிகம் பாடுபவர் அவர். பாடிய கையோடு அம்பாளுக்கு ஒரு கூடைப் பூ. தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், முதன்முதலாகப் பூத்த நந்தியாவட்டையை அகிலாண்டம் பறித்து அந்தக் கூடையில் இட்டு வைத்திருந்தாள். அவர் ஒவ்வொரு பூவாக எடுத்துச் சமையற்கட்டுச் சன்னலில் வைத்துவிட்டு, வெறுங்கூடையைச் சைக்கிளில் மாட்டினார்.

“ஏன், பூவுக்கு என்ன கொறச்சல்?” என்றாள்.

“எச்சில் பாத்திரம் கழுவுன தண்ணி. நாம குளிச்ச அழுக்கு. அதுல மொளைச்ச பூ அம்பாளுக்கு ஆகாது.”

அவள் சன்னலிலிருந்த பூக்களை முந்தானையில் திரட்டினாள். பிறகு, “ஐப்பசியில காவேரியில முங்கி எந்திரிக்கிறீங்களே, கொடகுலேருந்து இங்க வரைக்கும் எவனும் குளிக்காத தண்ணியா அது? நம்ம வயல்ல பாயுறது யாரு குளிச்ச தண்ணி?” என்றாள்.

“அது ஆறு. ஓடுது. ஓடுற தண்ணிக்குத் தோஷம் கிடையாது.”

“இதுவும் ஓடத்தான் ஓடுது. மெதுவா ஓடுது.”

மறுமொழி இல்லாத கோபத்தோடு மூன்று கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, பக்கத்து ஊர்த் தோட்டமொன்றில் பூ வாங்கி வந்தார். அன்று தொடங்கிய பழக்கம் ஆறு ஆண்டுகள் நீண்டது. மழையிலும் போனார், காய்ச்சலிலும் போனார். அகிலாண்டம் பிறகு ஒருநாளும் கூடையில் பூ வைக்கவில்லை. பூத்ததைத் தொடுத்துச் சமையற்கட்டு அம்மன் படத்துக்குச் சாத்தினாள். அதை அவர் தினமும் பார்த்தார். பார்க்காதவர்போல் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்த இடம் அந்தச் சன்னலுக்கும் அந்தப் படத்துக்கும் நடுவில் எங்கோ இருந்தது.

“அண்ணே, சொல்லுங்க. வெட்டவா, வேணாமா?” பக்கிரி மண்வெட்டியைத் தரையில் ஊன்றி நின்றான். “ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்க. எனக்குக் கையி கொப்புளிச்சிடுச்சு.”

“மூடு” என்றார் துரைக்கண்ணு.

“என்னது?”

“வெட்டுனத மூடுடா. அவ தண்ணி அவ செடிக்குப் போவட்டும்.”

காளியம்மாள் இடுப்பில் கை வைத்தாள். “புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? ஊரே உள்ள உக்காந்திருக்கு!”

“இருக்கட்டும்.”

“அந்த வாழையில நாளைக்கு யாரு எலை அறுப்பா? பதினாறாம் நாளு படையலுக்கு எங்கேருந்து எலை வாங்குவே?”

“வாங்க வாணாம். இதுலேருந்தே அறுக்குறேன்.”

பேச்சொலி கேட்டு மதிவாணன் வெளியே வந்தான். உறக்கமற்ற கண்கள். விமானத்தில் உடுத்தி வந்த சட்டையைக்கூட இன்னும் மாற்றவில்லை. அத்தையையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். “என்னப்பா?”

“உங்கப்பனக் கேளு” என்றாள் காளியம்மாள். “ஆறு வருசமா இந்தத் தண்ணியில வந்த பூவக் கையால தொடாதவன், இப்ப என்ன சொல்றான்னு கேளு. ஏன்டா, உசுரோட இருந்தப்ப ஆகாத தண்ணி, இப்ப மட்டும் ஆயிடுச்சாடா?”

வேலியோரம் நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்த இரண்டு பேர் மெல்லுவதை நிறுத்தினார்கள். துரைக்கண்ணு தமக்கையின் பக்கம் திரும்பினார்.

“நம்ம கோயில்ல அம்பாளுக்கு அபிஷேகம் பண்ற தண்ணி எங்க போவுது?” என்று கேட்டார்.

“கோமுகி வழியா வெளிய வரும். அதுக்கென்ன இப்ப?”

“வெளிய வந்து?”

“வில்வ மரத்துக்குப் போவும்.”

“முப்பது வருசமா அந்தக் கோமுகிக்குப் பக்கத்துலதான் நின்னு பாடுறேன். எண்ணெய், சீயக்காய், மஞ்சள், பால் எல்லாம் கலந்துதான் வருது. அந்த வில்வத்ததான் திரும்ப சாமிக்கே சாத்துறாங்க. யாராவது அழுக்குன்னு சொன்னமா?”

“அது சாமிடா!”

“இவளும்…” என்றார் துரைக்கண்ணு. அதற்குமேல் அந்தச் சொற்றொடர் நகரவில்லை. பக்கிரி வெட்டிப் போட்டிருந்த மண்கட்டிகளைக் காலாலேயே வாய்க்காலுக்குள் தள்ளத் தொடங்கினார். கட்டிகள் கூர்மையாக இருந்தன. குதிகாலில் வெடிப்பு கிழிந்து கசிந்ததை அவர் கவனிக்கவில்லை. பக்கிரி மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து அவரோடு சேர்ந்து மூடினான்.

மதிவாணன் அத்தையின் தோளைத் தொட்டான். “விடுங்கத்தை. அப்பா ஆசைப்படுறாரு.”

காளியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகையா கோபமா என்று தெரியவில்லை. “என்னமோ பண்ணுங்க. நாளைக்கு என்னக் கொறை சொல்லாதீங்க.” அவள் உள்ளே போனாள். வேலியோரத்து மனிதர்களும் நகர்ந்தார்கள். கல்லைச் சுற்றிக் கட்டுவதற்காகப் பக்கிரி இரண்டு பழைய வேட்டிகளோடும் நான்கு மூங்கில் கழிகளோடும் வந்து, மறைப்புக்குக் குழி போடலானான்.

துரைக்கண்ணு மட்டும் தொட்டியருகே நின்றார். கல்வாழைகளின் இலைவிளிம்பு வாடிச் சுருண்டிருந்ததை அப்போதுதான் கண்டார். அகிலாண்டத்தை மருத்துவமனையில் வைத்திருந்த பத்து நாளும் வீடு பூட்டிக் கிடந்தது; ஒரு குடம் நீர்கூட இவற்றுக்குப் போகவில்லை. இன்று போகும். ஊரெல்லாம் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றும். அவள் கையால் நட்ட வேருக்கெல்லாம் அவள் மேனியைத் தழுவிய நீர் போகும். ஆறு ஆண்டுகளாகச் சொல்லாமல் விட்ட மறுமொழியை, இப்படியாவது சொல்லிவிடலாம்.

“மாமா.”

மருமகள் பூர்ணிமா சீயக்காய்க் கிண்ணத்தோடு நின்றாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. அகிலாண்டம் படுக்கையில் விழுந்த ஏழு மாதமும் புரட்டிப் படுக்க வைத்ததும் துடைத்துவிட்டதும் அவள்தான்.

“என்னம்மா?”

அவள் கூடத்துப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். “அத்தை இதுக்கு ஒத்துக்க மாட்டாங்க மாமா.”

“எதுக்கு?”

“இந்தத் தண்ணிய உள்ள விடுறதுக்கு.”

“ஏன்?” என்றார்.

“முதுகுல புண்ணு வந்துச்சுல்ல, சீழ் வச்சு? அன்னிலேருந்து அவங்கள தொடைக்கிற தண்ணி ஒரு சொட்டு இதுல விடக்கூடாதுன்னுட்டாங்க. வாளியில புடிச்சு கக்கூஸ்லதான் கொண்டுபோய் ஊத்துவேன். ஒருநாள் எனக்கு இடுப்பு வலி தாங்கல. இங்கயே ஊத்திடுறேன் அத்தைன்னு கேட்டேன். அப்படி ஒரு கோவம். ‘நோவுத் தண்ணி வேருக்குப் போவக் கூடாதுடி. அந்த வாழைப்பழத்த ஊர்ப் புள்ளைங்கல்லாம் திங்குது. நானா இருந்தாலும் அதே சட்டந்தான்’னு சொன்னாங்க.” பூர்ணிமா கிண்ணத்தைக் கல்லின்மேல் வைத்தாள். “அந்தப் புண்ணு ஆறவே இல்ல மாமா. இப்பவும் இருக்கு.”

கூடத்தில் மறுபடி ஒப்பாரி எழுந்தது. பிறந்த வீட்டுக்காரர்கள் கோடிப் புடவையோடு வந்திருக்க வேண்டும்.

துரைக்கண்ணு தொட்டியைப் பார்த்தார். காலால் தாம் மூடிய வாய்க்காலைப் பார்த்தார். ஊரார் முன்னிலையில், உடன்பிறந்தவளை அழவைத்து, கோமுகியையும் அம்பாளையும் சாட்சிக்கு அழைத்துத் தாம் பெற்ற வெற்றி அங்கே ஈரமில்லாத மண்ணாகக் கிடந்தது. ‘உள்ளேயே விடு, ஒருநாள்தானே’ என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்தது. பூர்ணிமா அதற்கும் தலையசைத்திருப்பாள். வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

“சாக்கடையில விடலாமா?” என்று கேட்டார்.

“அங்கயும் வேணாம் மாமா. தெருவுல புள்ளைங்க நடக்குதுங்க. ஓரமா ஆழமா ஒரு குழி வெட்டி அதுல விட்டு, மண்ணப் போட்டு மூடிடலாம். அத்தையா இருந்தா அப்படித்தான் செய்வாங்க.”

“எங்க வெட்டலாம்?”

அவள் வடகிழக்கு மூலையைக் காட்டினாள். புயலில் விழுந்த தென்னையின் மொட்டை வேர் மட்டும் மிஞ்சிய இடம். அருகில் வேறொன்றும் வளரவில்லை.

துரைக்கண்ணு பக்கிரியிடமிருந்து மண்வெட்டியை வாங்கினார்.

“இப்ப என்னண்ணே?”

“தண்ணி தொட்டிக்குப் போவ வேணாம். அந்த மூலையில குழி போடணும். அங்கேருந்து கல்லு வரைக்கும் வாய்க்கா.”

பக்கிரி அவரை ஏற இறங்கப் பார்த்தான். “குடுங்கண்ணே, நான் வெட்டுறேன். இந்த வயசுல நீங்க விழுந்து வச்சா ரெண்டு பாடை கட்டணும்.”

“மேல் மண்ணு நீ வெட்டு. கீழ நான் வெட்டிக்கிறேன்.”

மேல் மண் கல்லாக இருந்தது. ஒரு முழத்துக்குக் கீழே ஈரம் தென்பட்டதும் துரைக்கண்ணு குழிக்குள் இறங்கினார். கடைமடைக் களிமண் மண்வெட்டியை விடாமல் பற்றியது. ஒவ்வொரு வெட்டையும் அவர் மெல்ல நெம்பி எடுத்தார். இடையில் மதிவாணன் வந்து கை நீட்டினான், அவர் மறுத்துவிட்டார். அகிலாண்டம் இரண்டு உறைகளுக்கும் இவ்வளவு மண் அள்ளியபோது தாம் எங்கே இருந்தோம் என்று எண்ணிப் பார்த்தார். கோயிலில் இருந்தார். பாடிக்கொண்டிருந்தார். இடுப்பளவு ஆழம் வந்ததும், பக்கிரி கைகொடுத்துத் தூக்கி விட்டான்.

செய்தி உள்ளே போயிருந்தது. காளியம்மாள் கதவருகே வந்து, புதுக் குழியையும் வாய்க்காலையும் பார்த்தாள். தொட்டியின் வாயைத் துணிப்பந்து வைத்துப் பூர்ணிமா களிமண்ணால் அப்பிக்கொண்டிருந்தாள். கிழவியின் முகம் தெளிந்தது.

“இப்பவாவது புத்தி வந்துச்சே” என்றாள். “பெரியவ சொன்னா காரணம் இல்லாமயா சொல்லுவேன்? தீட்டுன்னா தீட்டுதான்டா தம்பி. அது யாருக்காகவும் மாறாது.”

பூர்ணிமா நிமிர்ந்தாள், ஏதோ சொல்ல முனைந்தாள். துரைக்கண்ணு அவளைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் மெல்லத் தலையசைத்தார். அவள் மறுபடி குனிந்து களிமண்ணை விரலால் நீவினாள்.

“ஆமாக்கா” என்றார் அவர்.

உச்சி வெயில் சாய்வதற்குள் அகிலாண்டத்தைக் கல்லுக்குக் கொண்டுவந்தார்கள். வேட்டி மறைப்புக்குள் பெண்கள் சூழ்ந்து நின்றார்கள். உறவுமுறைப்படி ஒவ்வொருத்தியாகத் தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைத்தார்கள். மறைப்புக்கு வெளியே, முதுகைத் திருப்பிக்கொண்டு, துரைக்கண்ணு குழியருகே குந்தியிருந்தார். குடங்கள் சரியும் ஒலி கேட்டது. “முதுகப் பாத்து ஊத்துங்கடி, புண்ணு இருக்கு” என்று காளியம்மாள் சொன்னது கேட்டது. வலி தெரியாதவளுக்கு அந்தக் கிழவி காட்டிய பரிவில், அவர் கண்கள் அன்றைக்கு முதன்முறையாக நிறைந்தன.

நீர் வாய்க்காலில் வந்தது. மஞ்சள் கலந்து, சீயக்காய் நுரைத்து, வெடிப்புகளை நிறைத்துக்கொண்டு, வழி தேடும் பாம்புபோல் தயங்கித் தயங்கி வந்து குழிக்குள் விழுந்தது. அவர் உதடுகள் அசைந்தன. பாடினாரா, வெறுமனே அசைந்தனவா என்பது பக்கத்தில் நின்ற பக்கிரிக்குக்கூடத் தெரியவில்லை. கடைசிக் குடமும் வடிந்து, வாய்க்காலில் ஓட்டம் நின்றதும், அவர் எழுந்தார். கையாலேயே முதல் பிடி மண்ணை அள்ளிப் போட்டார். பிறகு அவரும் மதிவாணனும் பக்கிரியும் சேர்ந்து குழியை மூடி, வாய்க்காலையும் மூடி, மிதித்து இறுக்கினார்கள்.

பாடை எழும்போது பறைக்காரர்கள் தெருமுனையில் நின்று அடித்தார்கள். மதிவாணன் கொள்ளிச்சட்டியோடு முன்னே நடந்தான்.

சுடலையிலிருந்து திரும்பும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. மற்றக் காலமாக இருந்தால் வாய்க்காலிலோ கோயில் குளத்திலோ முழுகிவிட்டு வருவார்கள். மேட்டூர் திறக்க இன்னும் ஒரு மாதத்துக்குமேல் இருந்தது. வாய்க்காலில் ஆடுகள் படுத்திருந்தன. குளத்தில் கணுக்காலளவு பாசி. வாசலில் தண்ணீர் வண்டி நிரப்பிவிட்டுப் போன பீப்பாய்களருகே நின்று, ஆளுக்கொரு வாளி தலையில் ஊற்றிக்கொண்டு கலைந்தார்கள். துரைக்கண்ணு தம் வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார்.

குளிக்கும் கல் கழுவித் துடைத்ததுபோல் இருந்தது.

“கொதிக்கிற தண்ணி ஊத்தித் தேச்சேன் மாமா. அதையும் குழிப்பக்கந்தான் விட்டேன். அப்புறம் வெயில்லயே காஞ்சுது” என்றாள் பூர்ணிமா. உலர்ந்த துண்டோடு கதவருகே நின்றாள்.

அவர் வாளியை வைத்துவிட்டு, துவாரத்தை அடைத்திருந்த களிமண்ணை நகத்தால் பெயர்த்தார். துணிப்பந்தை இழுத்து எடுத்தார். பிறகு அடுத்து என்ன செய்வதென்று அறியாமல் நின்றார்.

“இது எப்படிம்மா? அப்படியே ஊத்தலாமா?”

“இந்த நாரை வலைமேல பரப்பிடணும் மாமா. இருங்க, தரேன்.” புதிய தேங்காய் நார் ஒரு பிடி எடுத்து வந்து கொடுத்தாள். அவர் அதை வாங்கி, அபிஷேகத்துக்கு முன் பீடத்தில் பூவிதழ் பரப்புபவர்போல், நான்கு விரலாலும் சமமாகப் பரப்பினார்.

“சோப்பு போட மாட்டீங்கல்ல?”

“போடல.” சற்றுத் தயங்கி நெற்றியைத் தொட்டார். “விபூதி?”

“அது ஒண்ணும் பண்ணாது மாமா.”

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் கல்லின்மேல் அமர்ந்து, சொம்பு சொம்பாக அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டார். வெயில் உண்ட பீப்பாயின் நீர் இளஞ்சூடாக இருந்தது. புகையும் வியர்வையும் திருநீறும் கரைந்து மார்பில் இறங்கி, கல்லில் பரவி, மூலைக்குப் போய், நாருக்குள் மறைந்தன. வாளி காலியானதும் ஈர வேட்டியோடே எழுந்து வாழையடிக்குப் போனார். சருகை விலக்கி, குழாயின் துளைகளுக்குக் கீழே உள்ளங்கையை வைத்துக்கொண்டு குந்தினார்.

வெகுநேரம் அப்படியே இருந்தார். கை உலர்ந்தே இருந்தது.

“மாமா, தலையத் துவட்டுங்க. சளி புடிச்சிடும்.” பூர்ணிமா துண்டை நீட்டினாள். அவர் பார்த்துக்கொண்டிருந்த இடத்தை அவளும் பார்த்தாள். “வராது மாமா. பத்து நாளாக் காஞ்சு கெடக்கு. மொதத் தண்ணிய மணலும் கரியுமே குடிச்சிடும். ரெண்டு மூணு நாளு விடாமக் குளிச்சாத்தான் இங்க வரைக்கும் வரும்.”

“நாளைக்குக் குழாயில தண்ணி விடுவானா?”

“நாளைக்கு மொறை இல்ல மாமா. நாளன்னிக்குத்தான்.”

அவர் தலையசைத்தார். எழுந்து கல்லருகே திரும்பி வந்தார். துண்டை வாங்கிக்கொள்ளவில்லை. குனிந்து, வேட்டியின் தொங்கும் முனையைத் திரட்டி, நார் பரப்பிய வலைக்கு நேரே பிடித்து முறுக்கினார். சில துளிகள் விழுந்தன. அடுத்த மடிப்பைத் திரட்டி, அதையும் முறுக்கினார்.